நாள்பட்ட ஹெபடைடிஸ் பி: மருந்துச் சிகிச்சையின் நீண்டகாலப் பலன்

ஹெபடைடிஸ் பி வைரஸை மாத்திரைகள் அடக்குகின்றன. முற்றிலும் நீக்குவது அரிது. கல்லீரல் செல்களின் உட்கருவில் வளைய வடிவ டி.என்.ஏ.வாக வைரஸ் தங்கிவிடுவதே காரணம். ஆயினும் பலன் பெரிது. 2004இல் வெளியான ஆய்வில், கல்லீரல் தழும்பு முற்றிய 651 பேர் பங்கேற்றனர். லாமிவுடின் என்ற மாத்திரை பெற்றவர்களில் 7.8 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17.7 விழுக்காட்டினருக்கும் நோய் மேலும் முற்றியது. ஆனால் லாமிவுடின் உண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மருந்துக்கு அடங்காத வைரஸ் திரிபு தோன்றியது. அத்தகைய எதிர்ப்பு மிக அரிதாகவே எழும் டெனோஃபோவிர் என்ற மருந்து நிலைமையை மாற்றியது. 2013இல் வெளியான ஆய்வில், சிரோசிஸ் எனும் முற்றிய தழும்புடன் தொடங்கிய 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டு டெனோஃபோவிர் சிகிச்சைக்குப் பின் அது காணப்படவில்லை. மீளாது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட தழும்பு அது! எனினும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர மறையாது. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துவருவது அவசியம். மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.