பதினாறு வயதும் பழைய இரும்பும்

அமெரிக்க வாழ்வில் பதினாறாம் பிறந்தநாளுக்கு ஒரு சடங்கின் தன்மை உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அந்த வயதில்தான் ஓட்டுநர் உரிமம் கைக்கு வருகிறது. பேருந்து எட்டிப்பாராத புறநகர்களில் அதுவே வீட்டைத் தாண்டிய முதல் சுதந்திரம். அன்று குடும்பத்தில் ஒரு கேள்வி எழும்: பிள்ளைக்கு எந்தக் காரைத் தருவது? நெடுங்காலமாக இதற்கு வழக்கமான விடை ஒன்று உண்டு. அப்பா புதியது வாங்கிக்கொள்வார், பழையது பிள்ளைக்கு. எப்படியும் எங்காவது இடிக்கத்தான் போகிறான், பழையதாகவே இருக்கட்டும் என்பது சிக்கனம். அந்தக் காலத்து இரும்பு, லேசில் நசுங்காது என்பது நம்பிக்கை. சிக்கனத்தை நாம் புரிந்துகொள்கிறோம். அந்த நம்பிக்கையின் வரலாற்றையே இங்கே சற்றுப் புரட்டிப் பார்க்க விழைகிறோம்.

1950-களின் அமெரிக்கக் கார் ஓர் அலங்காரத் தேர். பின்புறம் மீன்துடுப்பு, எங்கும் குரோமியப் பளபளப்பு, உள்ளே கடினமான உலோக முகப்புப் பலகை. ஃபோர்டு நிறுவனம் 1956-இல் சீட் பெல்ட்டையும் மெத்தையிட்ட முகப்பையும் கூடுதல் விலைக்கு அளித்து, பாதுகாப்பையே விளம்பரமாக்கிப் பார்த்தது. அவ்வாண்டு விற்பனையில் செவ்ரோலே முந்திக்கொள்ளவே, பாதுகாப்பு விலைபோகாது என்ற பாடத்தைத் தொழில்துறை கற்றுக்கொண்டது. விபத்துக்கு ஓட்டுநரே பொறுப்பு. வண்டிக்கு அதில் பங்கில்லை என்பதே அன்றைய பொதுக்கருத்து.

ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை முளைவிட்டிருந்தது. டெய்ம்லர்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரென்யி, மோதலின் ஆற்றல் எங்கேனும் செலவழிந்தே ஆகவேண்டும், அதை இரும்பு வாங்கிக்கொள்ளாவிட்டால் மனித உடல் வாங்கிக்கொள்ளும் என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கினார். முன்பகுதியும் பின்பகுதியும் மடங்கி நசுங்கட்டும், மனிதர் அமரும் கூண்டு மட்டும் உறுதியாய் நிற்கட்டும் என்றார். 1959-இல் இக்கருத்து மெர்சிடிஸ் காராக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனைப் பட்டையும் கார்களில் ஏறியது. பிற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ வழிவிட்டது.

அமெரிக்க இளைஞருக்கோ அப்போது வேறொன்று விற்கப்பட்டது. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. ஏறத்தாழ 2,400 டாலர் விலை, விரும்பினால் எட்டு சிலிண்டர் எஞ்சின், இளமையின் தோற்றம். முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. மறு ஆண்டு ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞரின் 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' நூல் வெளியாயிற்று. 1960 முதல் 1963 வரையிலான செவ்ரோலே கோர்வேர் கார்களின் பின்சக்கர அமைப்பைச் சாடியதற்காகவே இந்நூல் பெரிதும் நினைக்கப்படுகிறது. அதைவிட ஆழமானது அதன் 'இரண்டாம் மோதல்' என்ற கருத்து. கார் ஒன்றின்மீது மோதியபின், உள்ளிருப்பவர் காரின்மீதே மோதுகிறார். உயிரைப் பறிப்பது அதுவே. நேடரை உளவு பார்க்க ஆள் வைத்ததற்காக ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் 1966 மார்ச்சில் செனட் குழுவின்முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டரசின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் 1968 மாடல்களில் சீட் பெல்ட் கட்டாயமாயிற்று; 1998-இல் முன்புறக் காற்றுப்பைகள்; 2012-இல் சறுக்கலின்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய இரும்பின்மீதான பக்தி கரையவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் 1959-இல் அமைத்த நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், தன் பொன்விழாவை ஒட்டி 2009-இல் ஒரு சோதனை நடத்தியது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர், 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலே மாலிபு. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தோடு முகம், ஒருபக்கமாக மோதின. பெல் ஏரின் முன்பகுதி பெரிய இரும்புதான். ஆனால் ஓட்டுநர் அறை நொறுங்கி உள்ளே புகுந்தது. அதில் உண்மை மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முகம் சிதைந்தது, அறை அப்படியே நின்றது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயம் மட்டுமே நேர்ந்திருக்கும் என்று கணித்தார்கள். உறுதி என்று நாம் கருதியது உண்மையில் விறைப்பு.

இந்த வரலாற்றின் கசப்பான முரண் இதுவே: சாலையில் மிகக் குறைந்த அனுபவம் உள்ளவருக்கு, மிகக் குறைந்த பாதுகாப்புள்ள வண்டியைத் தருவதே குடும்ப வழக்கமாயிற்று. விபத்துகளில் இறந்த பதின்வயதினர், நடுவயதினரைவிடக் கூடுதலாகப் பழைய, சிறிய கார்களிலேயே இருந்தனர் என அதே ஆய்வகம் 2014-இல் எடுத்துக்காட்டியது. பதின்வயதினருக்கு ஏற்ற பழைய கார்களின் பட்டியலையும் அவ்வாண்டு முதல் வெளியிட்டு வருகிறது. அதன் அளவுகோல்கள் எளியவை: நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம், எஞ்சினின் குதிரைத்திறன் மிதமாக இருக்கவேண்டும், மிகச் சிறியதும் வேண்டாம், கையாளக் கடினமான மிகப் பெரியதும் வேண்டாம், மோதல் சோதனைகளில் நல்ல மதிப்பீடு வேண்டும். இளைஞரின் ஆசை மஸ்டாங்கை நோக்கி ஓடும். பெற்றோரின் பணப்பை பழைய வண்டியை நோக்கிச் சாயும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள, எவர் கண்ணையும் கவராத நடுத்தரக் காரே அப்பட்டியலின் நாயகன்.

வீட்டில் இரண்டு கார்கள் இருப்பின் இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. புதியதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பழையதை அப்பா ஓட்டலாம். முப்பதாண்டு அனுபவம் அவருக்குத் துணை. பிள்ளைக்கு இப்போதைக்கு வண்டிதான் துணை. பிள்ளை எப்படியும் இடிப்பான் என்று முன்கூட்டியே அறிந்திருந்தோமே, அந்த அறிவை இதுநாள்வரை காரின் நலனுக்காக மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறோம்.