என்ஜின் காற்றுவழிக் கரிநீக்கம்

என்ஜின் காற்றுவழிக் கரிநீக்கம் என்பது மோட்டார் வாகன என்ஜினுக்குள் காற்று செல்லும் பாதையில் படியும் கரியையும் எண்ணெய்ப் பிசினையும் அகற்றும் பணி. பட்டறைகளில் இது ‘கார்பன் கிளீனிங்’, ‘டீகார்பனைசிங்’ என்று வழங்குகிறது. தொடக்ககால என்ஜின்களில் கரி முக்கியமாக எரியறையில்தான் படிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எரிபொருளோடு சேர்ந்து வெளியிலிருந்து வந்தது. இன்று காற்றுவழியில் படியும் கரிக்கு முக்கியக் காரணம், சாலையில் விடப்பட்டுவந்த புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்புகள். காற்று மாசைக் குறைக்கும் சட்டங்களின் விளைவாக அவை வந்தன.

இடப்பின்னணி

அனுமந்தன்பட்டி, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறும் சாலையில் அமைந்துள்ளது. தேனி மாவட்டம் 1996-இல் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை வண்டிகளைச் சார்ந்தது. திராட்சையும் காய்கறியும் மலையேறிக் கேரளத்துக்குச் செல்கின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியாகத் தோட்டத் தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். சமவெளியில் ஊருக்கு ஊர் நின்று செல்லும் குறுகிய ஓட்டம், அதன்பின் பாரத்தோடு செங்குத்தான ஏற்றம், பிறகு கியரில் பிடித்து இறங்கும் இறக்கம் என மூன்று வகை ஓட்டமும் ஒரே நாளில் ஒரே வண்டிக்கு அமைகிறது.

எரியறைக் கரியும் ‘ஹெட் கழற்றும்’ வேலையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருந்த பெட்ரோல் என்ஜின்கள் எண்ணெயை அதிகம் எரித்தன. எரிபொருளின் தரமும் குறைவு. பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கரி விரைவில் படிந்தது. ஏற்றத்தில் என்ஜின் ‘தட்டுவது’, சாவியை அணைத்த பின்னும் சிவந்து கனலும் கரியால் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அதனால் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது வழக்கமான பராமரிப்பாக இருந்தது.

இவ்வேலையில் முதலில் தண்ணீரை வடிப்பார்கள். பிறகு கார்புரேட்டர், காற்றுக்குழாய், புகைக்குழாய் ஆகியவற்றைப் பிரித்து, ஹெட்டைத் தூக்குவார்கள். இரும்புப் பகுதிகளை இரும்புச் சுரண்டியாலும், மென்மையான அலுமினிய பிஸ்டனை மரத்துண்டு அல்லது பித்தளைத் தகட்டாலும் சுரண்டுவார்கள். வால்வுகளைக் கழற்றி, பசை தடவி, ரப்பர் கிண்ணம் பொருத்திய கோலால் இருக்கையில் வைத்து உருட்டித் தேய்ப்பார்கள். இதுவே ‘வால்வு கிரைண்டிங்’. காற்றுவழியில் பெரும்பாலும் பெட்ரோல் பிசின் மட்டுமே இருக்கும். அதை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ் எடுத்துவிடும்.

கழுவும் தன்மையுள்ள என்ஜின் எண்ணெய்களும் மேம்பட்ட பெட்ரோலும் வந்தபின் இந்த இடைவெளி நீண்டது. மோட்டார் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து எரிக்கும் இருசுழற்சி வண்டிகளில் மட்டும் கரித்தொல்லை நீடித்தது. 1980-இல் அறிமுகமான டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்களின் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுக் கரியைத் தட்டுவது தமிழகச் சிற்றூர்களின் பட்டறைகளில் பரவலாகக் காணப்பட்ட காட்சி.

கரிவாயுப் பேருந்துகள்

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானின் கைக்குப் போனதோடு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மிய எண்ணெயும் நின்றது. பேருந்துகளை ஓட்ட மரக்கரியிலிருந்து வாயு எடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம், பின்னர் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. போர்க்காலத்தில் அந்நிறுவனம் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற கரிவாயுக் கலனைத் தயாரித்தது.

பேருந்தின் வெளியே பொருத்திய இரும்புக் கலனில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், நைட்ரஜன் கலந்த வாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் விடுவார்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் என்ஜினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும்.

கரிவாயுவோடு சாம்பலும் நுண்கரியும் வந்தன. வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் அவை காற்றுக்குழாயிலும் உள்வால்விலும் படிந்தன. சாம்பலில் உள்ள கடினத் துகள்கள் சிலிண்டரையும் தேய்த்தன. எனவே கலனைக் கிளறுவது, சாம்பலை அள்ளுவது, வடிகட்டியைக் கழுவுவது, குழாயைத் துடைப்பது ஆகியவை அன்றாட வேலைகளாயின. காற்றுவழியைத் தூய்மை செய்வது தனிப் பராமரிப்பாக முக்கியத்துவம் பெற்ற முதற்காலம் என இதைக் கொள்ளலாம். பெட்ரோல் மீண்டும் கிடைத்ததும், டீசல் பேருந்துகள் பெருகியதும் கரிக்கலன்கள் மறைந்தன.

டீசல் ஜீப்பும் சாலைப் புகையும்

போருக்குப் பின் வந்த டீசல் பேருந்துகளிலும், 1980-களுக்குப் பின் பரவிய டீசல் ஜீப்புகளிலும் காற்றுவழி எளிமையாக இருந்தது. காற்றுக்குழாயின் வாயில் எண்ணெய்த் தொட்டி வைத்த வடிகட்டி இருக்கும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, எண்ணெய் ஆவியோடு சேர்ந்து ‘பிரீதர்’ குழாய் வழியே தரையை நோக்கி வெளியேறும். எரிந்த புகை முழுவதும் சைலன்சர் வழியே போய்விடும். மலைப்பாதையில் ஏறும் ஜீப்பின் பின்னால் கரும்புகை நின்றாலும் அதன் காற்றுக்குழாய் ஓரளவு சுத்தமாகவே இருந்தது. புகையின் சுமையை வண்டிக்குப் பின்னால் வந்தவர்களும் சாலையோரம் இருந்தவர்களும் ஏற்றார்கள்.

கலிபோர்னியாவின் புகைமூட்டம்

இன்றைய காற்றுவழிக் கரியின் தொடக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ளது. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் விளக்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்துக்கு இதுவே காரணம். 1958-இல் கலிபோர்னியத் திராட்சை இலைகளில் தோன்றிய கரும்புள்ளிகளுக்கும் இந்த மாசே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இதன் விளைவாக இரண்டு மாற்றங்கள் வந்தன. 1960-களின் தொடக்கத்தில் பிரீதர் வாயுவை வெளியே விடாமல் காற்றுக்குழாய்க்கே திருப்பும் வால்வு கலிபோர்னியாவிலும், பின்னர் அமெரிக்கா முழுவதிலும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் எரிந்த புகையின் ஒரு பகுதியைக் காற்றோடு மீண்டும் கலக்கும் ஈ.ஜி.ஆர். அமைப்பு வந்தது. புகை கலந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் எரியும் வெப்பநிலை தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாவது குறைகிறது.

இந்தியாவில் வந்த மாற்றம்

இந்தியாவில் பெட்ரோல் வாகனங்களுக்கு 1991-இலும் டீசல் வாகனங்களுக்கு 1992-இலும் முதல் புகை வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. 2000-க்குப் பின் பாரத் ஸ்டேஜ் வரம்புகள் படிப்படியாக இறுகின. சென்னை போன்ற பெருநகரங்களில் ஒவ்வொரு நிலையும் முன்னதாகவும், தேனி போன்ற மாவட்டங்களில் பல ஆண்டுகள் கழித்தும் அமலானது. சென்னைக்கு 2010-இல் வந்த நான்காம் நிலை, நாடு முழுவதற்கும் 2017-இல்தான் வந்தது. ஆறாம் நிலை 2020 ஏப்ரல் 1 அன்று எங்கும் ஒரே நாளில் அமலானது. டீசலில் உள்ள கந்தகத்தின் உச்ச அளவு, மூன்றாம் நிலையில் பத்து லட்சத்தில் 350 பங்கு, நான்காம் நிலையில் 50, ஆறாம் நிலையில் 10 எனக் குறைந்தது.

இவ்வரம்புகளை எட்ட டீசல் கார்களிலும் ஜீப் வகை வண்டிகளிலும் ஈ.ஜி.ஆர். பரவலாகப் பொருத்தப்பட்டது. டீசல் புகையில் நுண்கரி உண்டு. திருப்பி விடப்பட்ட பிரீதர் வாயுவில் எண்ணெய் ஆவி உண்டு. இரண்டும் காற்றுக்குழாயில் சந்திக்கும்போது தார் போன்ற பிசின் உருவாகிச் சுவரில் ஒட்டுகிறது. நாளடைவில் காற்று போகும் துளையே சுருங்குகிறது. இழுவை குறைவது, கரும்புகை கூடுவது, நின்ற நிலையில் என்ஜின் தடுமாறுவது, டீசல் செலவு ஏறுவது ஆகியவை அறிகுறிகள். ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஏற்றத்தில் வண்டி திணறும்.

பெட்ரோல் கார்களில் இச்சிக்கல் வேறு வழியில் வந்தது. காற்றுக்குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் என்ஜின்களில் அந்தத் தெளிப்பே உள்வால்வின் பின்புறத்தைக் கழுவிவிடும். பெட்ரோலை நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சும் புதிய என்ஜின்களில் அந்தக் கழுவல் இல்லை. எண்ணெய் ஆவி வால்வின் முதுகில் படிந்து, வெப்பத்தில் கருகி இறுகுகிறது.

மலைப்பாதையில் வேகமாக ஏறினால் கரி எரிந்துவிடும் என்ற கருத்து ஓட்டுநர்களிடையே உண்டு. எரியறைக்கும் புகைக்குழாய்க்கும் இது ஓரளவு பொருந்தும். கரி தானாக எரிய ஏறத்தாழ 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். காற்றுக்குழாய் அந்த வெப்பத்தை எட்டுவதே இல்லை. ஏற்றத்தில் முழு இழுவையின்போது ஈ.ஜி.ஆர். பெரும்பாலும் மூடியிருப்பதால் புதிய கரி குறைவாகச் சேரும். ஏற்கெனவே படிந்தது அப்படியே இருக்கும்.

தூய்மை செய்யும் முறைகள்

கழற்றிக் கழுவுதல்: ஈ.ஜி.ஆர். வால்வையும் காற்றுக்குழாயையும் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, பிரஷால் தேய்க்கும் முறை. நேரமும் கூலியும் அதிகம் என்றாலும் பலன் உறுதி. திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போடவேண்டும். சைலன்சர் கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடாவை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது அலுமினியத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாய்களுக்கு நெருப்பு ஆகாது.

தெளிப்பு முறை: ஓடும் என்ஜினின் காற்றுவழியில் கரைப்பானைச் சிறிது சிறிதாகத் தெளிப்பது. பெட்ரோல் என்ஜினில் மெல்லிய படிவுக்கு உதவும். டீசல் என்ஜின் தனக்குள் வரும் எரியக்கூடிய எதையும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். அளவு மீறினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி என்ஜினே உடையலாம். கார்புரேட்டர் காலத்தில் ஓடும் என்ஜினில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீராவியால் கரியை இளக்கும் வழக்கமும் இருந்தது. தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால், அளவு கூடினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஓட்டுத்தூள் பீய்ச்சல்: வால்நட் கொட்டையின் ஓட்டுத்தூளை அழுத்தக் காற்றில் பீய்ச்சி வால்வின் முதுகைச் சுத்தம் செய்வது. நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் என்ஜின்களுக்கு ஏற்றது. அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்கவேண்டும்.

ஹைட்ரஜன் முறை: தண்ணீரைப் பிரித்துக் கிடைக்கும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவையை அரைமணி நேரமளவுக்கு என்ஜினுக்குள் விடுவது. கழற்றாமல் முடிவதால் பெரிதும் விளம்பரப்படுத்தப்படுகிறது. இவ்வாயு எரிவது எரியறைக்குள்தான். காற்றுக்குழாயை எரியாமலே கடந்து போவதால் அங்கே இறுகிய பிசினை அகற்றும் என எதிர்பார்க்க முடியாது.

அடைக்கும் வழக்கமும் அதன் விளைவும்

கரி மீண்டும் மீண்டும் படிவதைக் கண்டு, ஈ.ஜி.ஆர். குழாயின் இணைப்பில் தகட்டை வெட்டிச் செருகி வழியையே அடைப்பது ஒரு குறுக்குவழி. காற்றுக்குழாய் சுத்தமாக இருக்கும், புகையின் கருமையும் குறையலாம். டீசல் வண்டிகளுக்கான புகைச் சான்றிதழ்ச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. எனவே இப்படி அடைத்த வண்டி அச்சோதனையில் தேறிவிடவும் கூடும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுவது அச்சோதனையில் பதிவாவதில்லை. அவை வெயிலில் ஓசோனாக மாறக்கூடியவை. திராட்சைக் கொடி ஓசோனால் எளிதில் பாதிக்கப்படும் பயிர்களில் ஒன்று.

மாசுக்கட்டுப்பாட்டுக்கான செலவு இப்போது பொதுச்சாலையிலிருந்து வண்டியின் காற்றுவழிக்கு இடம்மாறியிருக்கிறது. அந்தச் செலவு கடன் வாங்கி வண்டி ஓட்டுபவரின் கையிலிருந்து போகிறது. ஒருநாள் வண்டி நின்றால் அன்றைய கூலியும் போய்விடும். அடைப்பு வழக்கம் பரவுவதற்கு இதுவே முக்கியக் காரணம். உற்பத்தியாளர் கூறும் தரத்தில் எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றுவதும், பிரீதர் அமைப்பைச் சரியாக வைத்திருப்பதும், ஈ.ஜி.ஆர். வால்வு சிக்குவதற்கு முன்பே அதைக் கழற்றிக் கழுவுவதும் அந்தச் செலவைக் குறைக்கும் வழிகள்.