காதலில் சண்டையா, கட்டுப்பாடா? அடையாளம் காண்பது எப்படி?

காதலர்களுக்குள் சண்டை வருவது இயல்பு. கோபம் தணிந்ததும் இருவரும் பேசித் தீர்த்துக் கொள்வார்கள். ஆனால் ஒருவர் மட்டுமே எப்போதும் பயந்து, எப்போதும் மன்னிப்புக் கேட்கும் உறவில் நடப்பது சண்டையல்ல, அது வன்முறை.

எங்கே வேறுபடுகிறது?

சாதாரணச் சண்டையில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று இருவராலும் சொல்ல முடியும். சொன்ன பிறகு என்ன நடக்குமோ என்ற அச்சம் இருக்காது. வன்முறை உறவில் பேச்சே ஆயுதமாகிறது. கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது, புலனத்தில் உடனே பதில் வராவிட்டால் திட்டுவது, உடையையும் நட்பையும் முடிவு செய்வது, சம்பளப் பணத்தைக் கேட்டு வாங்குவது, 'விட்டுப் போனால் செத்துவிடுவேன்' என்றோ 'படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்' என்றோ மிரட்டுவது ஆகியவை இதன் அடையாளங்கள். அடித்த மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பதும், பரிசு வாங்கித் தருவதும், சில வாரங்களில் மீண்டும் அடிப்பதும் பலருடைய அனுபவம். பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் பெண் என்றாலும் ஆண்களும் இதில் சிக்குவதுண்டு.

'மனம் விட்டுப் பேசுங்கள்' என்ற அறிவுரை இங்கே பயன்படாது. மனம் விட்டுச் சொன்னதையே அடுத்த சண்டையில் குத்திக்காட்டுவார்கள். பிரியப் போவதாகச் சொல்லும் நேரமே அதிக ஆபத்தானது. எனவே அதைத் தனியிடத்தில் நேரில் சொல்லக்கூடாது. நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவி, முன்னாள் துணை, பிள்ளைகள், குடும்ப உறுப்பினர்கள் ஆகியோருக்கே பாதுகாப்பு தருகிறது. காதலர்கள் அதில் இல்லை. ஆனால் கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதிவு செய்யாதவர்களுக்கும் அச்சட்டம் பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை.

காதலர்களுக்குத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. அடிப்பதும் மிரட்டுவதும் யார் செய்தாலும் குற்றமே. 2023 மே 31 முதல் 507ஏ பிரிவின்கீழ், ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவதும் குற்றமாகியுள்ளது. வீட்டருகே அல்லது வேலையிடத்தில் சுற்றித் திரிவதும், வேண்டாம் என்ற பிறகும் அழைத்துக்கொண்டும் தகவல் அனுப்பிக்கொண்டும் இருப்பதும் இதில் அடங்கும். இரண்டு முறை நடந்தாலே புகார் செய்யலாம். மூன்றாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விசாரணையின்போது பாதுகாப்பு உத்தரவு கேட்டுப் போலீசார் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்க முடியும்.

என்ன செய்யலாம்?

மிரட்டல் தகவல்களை அழிக்காமல் படம் பிடித்து, தேதியுடன் வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்குள்ள ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில் சிகிச்சை, போலீஸ் புகார், ஆலோசனை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வார்கள். உடனடி ஆபத்துக்கு 999. நாள் முழுவதும் இயங்கும் தாலியான் காசே எண் 15999. மகளிர் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ.வின் எண் 03-3000 8858.

பெற்றோர் கவனத்திற்கு

தோட்டத்திலும் சிறு தாமான்களிலும் ஒருவர் விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்குத் தெரியாமல் காதலித்த பெண், அடி வாங்கினாலும் வாய் திறக்க மாட்டாள். அடியைச் சொன்னால் காதலையும் சொல்ல வேண்டுமே! மிரட்டுபவர்களுக்கும் இது தெரியும். 'உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்' என்பதே அவர்களுடைய பெரிய பிடி.

அந்தப் பிடியைத் தளர்த்தப் பெற்றோரால் முடியும். பிள்ளை சொல்ல வரும்போது 'உன்னை யார் காதலிக்கச் சொன்னது?' என்று தொடங்காதீர்கள். 'அடிபட்டிருக்கிறதா? இப்போது பயமாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். காதலைப் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளை பத்திரமாக வீட்டில் இருக்க வேண்டும்.