பிரிந்த இழைகள் – 7: எலிக்கு என்ன அவசரம்?

சென்ற வாரம் ஹார்வர்டில் நிறுத்தியிருந்தோம். சூடேற்றிப் பிரித்த டி.என்.ஏ. இழைகளை மெல்ல ஆறவிட்டால், தம் ஜோடியைத் தேடிப்பிடித்து மறுபடி முறுக்கிக்கொள்ளும் என்று 1960இல் மார்மரும் டோட்டியும் நிமோனியா கிருமியின் டி.என்.ஏ.வை வைத்துக் காட்டினார்கள். சேரும், சரி. எவ்வளவு நேரத்தில்?

இனி கதை வாஷிங்டனுக்குப் போகிறது. கார்னெகி நிறுவனத்தின் பூமிக் காந்தவியல் துறை. காந்தத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். அந்தத் துறைக்குள்தான் உயிர் இயற்பியல் குழு ஒன்று இயங்கிவந்தது. ராய் பிரிட்டன் அதில் ஒருவர். போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிற ஆள்.

அவர் கணக்கு இதுதான். மண்டப வாசலில் நூறு ஜோடிச் செருப்பு கிடந்தால் நம்முடையது சீக்கிரம் அகப்படும்; லட்சம் ஜோடி கிடந்தால் விடிந்துவிடும். ஈ கோலி பாக்டீரியாவின் டி.என்.ஏ. அன்றைய மதிப்பீட்டில் சுமார் 42 லட்சம் எழுத்து ஜோடிகள். கன்றுக்குட்டியுடையது சுமார் 300 கோடி. ஆகவே, ஒரே அடர்த்தியில் வைத்தால் கன்றின் இழைகள் எழுநூறு மடங்கு தாமதமாகச் சேர வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டுமே. டி.என்.ஏ.வை ஐந்நூறு எழுத்து அளவிலான துண்டுகளாக உடைத்தார்கள். கொதிக்க வைத்துப் பிரித்து, உப்புக் கரைசலில் 60 டிகிரியில் காத்திருக்க விட்டார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றினார்கள். ஒற்றை இழைகள் வழிந்தோடிவிடும். ஜோடி சேர்ந்தவை தூளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பாஸ்பேட் செறிவைக் கூட்டினால் அவையும் இறங்கிவரும். எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு ஓடியது என்று அளந்தால் முடிந்தது. இவ்வளவு பெரிய ரகசியத்துக்கு இவ்வளவு எளிய வடிகட்டி!

பாக்டீரியா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்து, எலி.

எலியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, குழாயில் ஊற்றும் முன்பே ஜோடி சேர்ந்து நின்றது. பாக்டீரியாவை மட்டுமல்ல, வைரஸ்களையே முந்திக்கொண்டு! முறைப்படி கடைசியில் வரவேண்டியது முதலில் வந்து நிற்கிறது. கணக்குத் தப்பா?

கணக்கு தப்பவில்லை. 1966இல் மைக்கேல் வாரிங்கும் பிரிட்டனும் விடையை வெளியிட்டார்கள். எலிக்குள் ஒரே சிறு வாசகம் ஏறக்குறைய பத்து லட்சம் முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. எதைப் பிடித்தாலும் ஜோடிதான். தேட வேண்டியதே இல்லை. 1968 ஆகஸ்டில் பிரிட்டனும் டேவிட் கோனும் 'சயின்ஸ்' இதழில் கன்று முதலிய பல உயிர்களிலும் இப்படி மறுபடி மறுபடி வரும் பகுதிகள் உண்டு என்று அடுக்கினார்கள். எழுத்து எழுத்தாக டி.என்.ஏ.வைப் படிக்கும் முறை பரவலாகாத காலம் அது. சேரும் வேகத்தை வைத்தே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஊகித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தொடரிலேயே கெட்டிக்காரத்தனமான சோதனை இதுதான்.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் கால்டெக்கில் வெட்மரும் டேவிட்சனும் வேகத்துக்கே சூத்திரம் எழுதினார்கள். துண்டின் நீளம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்கு. உள்ளே வெவ்வேறு வாசகங்கள் பெருகினால் வேகம் குறையும். உப்பும் வெப்பமும் தம் பங்கைச் செய்யும். எந்த எழுத்து எதற்கு அடுத்து வருகிறது என்பதற்கு மட்டும் சூத்திரத்தில் இடமே இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து, ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 36 எழுத்து இழைகளாக நூறு ஜோடிகளை வரிசையாகச் சோதித்தார்கள். நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. சூத்திரப்படி பார்த்தால், ஒரே உப்பில், ஒரே வெப்பத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் சேர வேண்டும். சேரவில்லை. சில ஜோடிகள் பாய்ந்து சேர்ந்தன. சில, துணை பக்கத்திலேயே மிதந்தும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அவை வேறு யாரையோ ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தன. கரைசலில் இருந்ததோ அந்த இரண்டு இழைகள் மட்டுமே. அப்படியானால், யாரை?

(தொடரும்)