துலாதாரர் கடையும் பழைய பத்திரிகை அறிவிப்புகளும்

விழாக் குழுவினர் அன்போடு அழைத்து, "மலருக்கு உங்கள் கட்டுரை அவசியம் வேண்டும், நம் பேட்டையின் பழைய வணிகர்களைப் பற்றியதாக இருந்தால் இன்னும் நலம்" என்றார்கள். பெரியோர் பணித்ததை மறுக்கும் வழக்கம் அடியேனுக்கு இல்லை. ஆனால் பம்பாய் மாட்டுங்காவின் சரித்திரத்தை மாட்டுங்காக்காரர்களுக்கே எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பிளேக் வந்ததும், இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை பிரித்ததும், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நம்மவர் குடியேறியதும், 1932-இல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் தோன்றியதும், 1952-இல் ஷண்முகானந்த சபை உருவானதும் வாசகர்கள் அறிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, மளிகையும் காப்பிக்கொட்டையும் பூஜைச் சாமானும் விற்ற நம் முன்னோர் ஒருவரின் வாழ்க்கையைப் பழைய பத்திரிகைகளின் சிறு அறிவிப்புகளைக் கொண்டு எப்படித் தேடி எடுப்பது என்பதையே எழுத நினைக்கிறேன்.

முதலில் ஒரு கடைக்காரருக்கு வணக்கம் சொல்லியாக வேண்டும். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற முனிவர் வருகிறார். சடைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் அளவுக்கு அசையாமல் நின்று தவம் செய்தவர். 'தர்மத்தை அடைந்துவிட்டேன்' என்ற பெருமிதம் அவருக்கு எழுந்தபோது, காசியில் இருக்கும் துலாதாரருக்கு நீ ஈடாகமாட்டாய் என்று அசரீரி கேட்டது. போய்ப் பார்த்தால் துலாதாரர் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்! வாசனைப் பொருள், மரம், பட்டை, ரசவகைகள் என்று தாம் விற்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். மது மட்டும் விற்பதில்லை என்கிறார். எல்லா உயிரிடத்தும் தம் தராசு சமமாக நிற்கிறது என்பதே அவர் முனிவருக்குச் சொல்லும் உபதேசம். கடையின் சரக்குப் பட்டியலை மோட்ச தர்மத்தின் நடுவே வைத்த வியாசரின் துணிவை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

நம் தமிழ் மரபும் இதில் குறைந்ததன்று. நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளை வள்ளுவர் வணிகருக்கே ஒதுக்கினார். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாமலும் நடத்திய காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பெரிய புராணத்தில் அமர்நீதி நாயனார் பொன்னும் மணியும் பட்டும் விற்ற பழையாறை வணிகர். ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் அத்தனையையும் தராசுத் தட்டில் ஏற்றி, அது போதாமல் மனைவியோடும் மகனோடும் தாமும் ஏறி நின்றார். தராசு பிடித்த கைக்கு நம் நூல்கள் இவ்வளவு மரியாதை செய்திருக்கின்றன. வீட்டுக் கூடத்திலோ, வக்கீல் தாத்தாவுக்கும் ஐ.சி.எஸ். மாமாவுக்கும் படம் மாட்டுகிறோம். கடை வைத்த பெரியவருக்குப் படம் கிடையாது.

கடைக்காரர் பத்திரிகையில் எப்போது தோன்றுவார்

கவிஞரும் தலைவரும் தாமாகப் பத்திரிகைக்கு வருவார்கள். கடைக்காரரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது பெரும்பாலும் சட்டம்தான். இதைப் புரிந்துகொண்டால் தேடுவது பாதி எளிதாகிவிடும்.

இரண்டு பேர் கூட்டாகக் கடை நடத்தி ஒருவர் விலகினால், அதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும்; இல்லையேல் விலகியவர் தலையிலும் பின்னால் வாங்கிய கடன் வந்து விடியும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இந்தக் கருத்து உண்டு. 1932-இல் வந்த கூட்டாண்மைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: அரசிதழில் வெளியிடுவதோடு, கடை இருக்கும் மாவட்டத்தில் செல்லும் ஒரு தாய்மொழிப் பத்திரிகையிலாவது வெளியிட வேண்டும். பம்பாயில் செல்லும் தாய்மொழிப் பத்திரிகை என்றால் எது? மராத்தி, குஜராத்தி ஏடுகள்தானே! 1822-இல் தொடங்கிய மும்பை சமாச்சாரின் குஜராத்தி எழுத்துக்களுக்குள்ளே நம் பாலக்காட்டு ஐயரும் திருநெல்வேலிப் பிள்ளையும் ஒளிந்திருக்கக்கூடும். 'ஹிந்து'வையும் 'சுதேசமித்திர'னையும் மட்டும் புரட்டிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுந்துவிடுவது தகாது. பக்கத்து வீட்டுக் குஜராத்தி அன்பரைத் துணைக்கு அழையுங்கள். நம் பேட்டையில் அவர்களுக்கா பஞ்சம்?

அடுத்தது சரக்கின் லேபிள். 1940-இல் வணிகக் குறிச் சட்டம் வரும்வரை ஒரு மார்க்கைப் பதிவு செய்து காக்க இன்றுள்ளது போன்ற ஏற்பாடு இந்தியாவில் இல்லை. ஆகவே ஊதுவத்திக்கோ பல்பொடிக்கோ தம் படத்தை ஒட்டி விற்றவர்கள், "இது எங்கள் மார்க், போலியை நம்பி ஏமாறாதீர்கள், போலி செய்வோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பொருளில் பத்திரிகைகளில் எச்சரிக்கை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட எச்சரிக்கை ஒன்று கிடைத்தால் மகிழுங்கள். போலி செய்யும் அளவுக்கு உங்கள் தாத்தாவின் சரக்கு விற்றிருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம்.

மூன்றாவது, குடும்பங்கள் பேச விரும்பாத ஒன்று. பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கென 1909-இல் இன்சால்வென்சி சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரை இன்சால்வென்ட் என்று நீதிமன்றம் தீர்மானித்தால் அவர் பெயர், முகவரி, தொழில் மூன்றையும் அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. 'மஞ்சக் கடுதாசி' கொடுத்தவர் என்று ஊர் சொல்லுமே என்று அஞ்சி இதை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது? 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நட் கம்பெனி விழுந்தபோது அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அந்தத் தவிப்பிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்க் பிறந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்க் மூடியது மலையாளக் கரையிலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான அடி. அந்த ஆண்டுகளில் ஒரு கடை நொடித்திருந்தால், குற்றம் கடைக்காரரின் கையில்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நான்காவது உயில். பம்பாய் நகருக்குள் சொத்து வைத்திருந்த ஹிந்து உயில் எழுதினால் உயர்நீதிமன்றத்தில் புரொபேட் வாங்க வேண்டும் என்ற விதி 1870-ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. மற்ற அறிவிப்புகளில் கண்ணில் படாத பாட்டிமார்கள் இங்கேதான் பெயரோடு வருகிறார்கள். கடையைக் கட்டிக் காத்ததில் பாதி அவர்கள் பங்கு. அவர்கள் பெயர் அச்சேறுவதற்குக் கணவன் கண்ணை மூட வேண்டியிருந்தது.

ஆக, கடைக்காரர் அச்சில் வருவதெல்லாம் திறப்பு, பிரிவு, போலி, நொடிப்பு, மரணம் ஆகிய தருணங்களில்தான். இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே பதினைந்து ஆண்டு வெற்றிடம் இருந்தால் மனம் தளர வேண்டாம். அரிசியும் பருப்பும் ஒழுங்காக விற்று, கடன் அடைந்து, பெண்களுக்குக் கல்யாணம் ஆன ஆண்டுகள் அவை. கடை நன்றாக ஓடிய காலத்துக்குப் பத்திரிகையில் சாட்சி இருக்காது.

மௌனத்தையும் சோதிக்க வேண்டும்

மௌனம் என்றால் கடை நன்றாக ஓடியது என்ற கணக்குக்கு விலக்குகள் உண்டு. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனிய'னில் ஆரம்பத்தில் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தியோடு தமிழ்ப் பகுதியும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கடை வைத்த தமிழர்களின் சந்ததியினருக்கு அது பொக்கிஷம். ஆனால் சில ஆண்டுகள் சென்றபின் அதில் விளம்பரங்களே நின்றுபோயின. கடைகள் மூடிவிட்டன என்று எண்ணினால் தவறு. காசு வாங்கி விளம்பரம் போடுவதில்லை என்று காந்தியடிகள் தீர்மானித்ததே காரணம்.

அந்த ஏட்டின் பக்கங்களில்தான் தம்பி நாயுடுவைக் காண்கிறோம். மொரீஷியசில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வாணிபம் செய்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத சாதாரண வியாபாரி என்றுதான் காந்தியடிகளும் அவரை அறிமுகப்படுத்துகிறார். அவர் கடையில் என்ன விற்றது என்பதைவிட எத்தனை முறை சிறை சென்றார் என்பதே பத்திரிகையில் நிறைந்திருக்கிறது. 1908-இல் உரிமச் சீட்டைக் காட்ட மறுத்துக் கூடை தூக்கி விற்றுச் சிறை புகுந்த தமிழ் வியாபாரிகளின் பெயர்களும் அப்படியே பதிவாயின. கோர்ட்டுச் செய்தி அவர்களுக்குக் கடைப்பலகை ஆயிற்று. தம்பி நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு ராபன் தீவில் கைதியாக இருந்தவர். கடைக்காரரின் பரம்பரை எங்கெல்லாம் போகிறது பாருங்கள்!

யுத்த காலத்து மௌனம் வேறு வகை. காகிதப் பஞ்சத்தால் பத்திரிகைகள் மெலிந்தன, சிறு விளம்பரங்கள் அருகின. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் வந்தது. அதன்பின் மளிகைக்காரர்கள் விளம்பரம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, வாடிக்கையாளர் கார்டோடு கட்டுப்பட்டு வந்தார். தாரண வருஷப் பிறப்பை ஒட்டி, 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி, விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தது. துறைமுகத்தை அடுத்த கிடங்குகளில் சரக்கு வைத்திருந்தவர்கள் ஒரே மாலையில் எல்லாவற்றையும் இழந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் கடை அந்த ஆண்டோடு சட்டென்று மறைந்தால் வெடிவிபத்துச் செய்திகளையும் நட்டஈட்டு அறிவிப்புகளையும் பார்க்காமல் விடாதீர்கள்.

பம்பாயிலேயே நேர்மாறான ஓர் உதாரணம் உண்டு. தமிழர் அல்லர், ஆயினும் மயிலாப்பூர்க்காரர்கள் நம்மவராகவே கொண்டாடும் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் இந்த நகரத்தில்தான் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார் என்பார்கள். மருந்து விற்ற காசில் 1908-இல் 'ஆந்திர பத்திரிகா' வார இதழை இங்கேயே ஆரம்பித்தார்; 1914-இல் அது சென்னையில் நாளிதழாயிற்று. கடைக்காரர் அறிவிப்புக் கொடுக்கப் பத்திரிகை ஆபீசுக்குப் போவதுதான் உலக வழக்கம். இவர் கடையிலிருந்தே பத்திரிகை ஆபீஸ் கிளம்பியது.

திதியும் தேதியும்

இனி அடியேனுக்கு மிகவும் பிரியமான வழி. கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் காலமானார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சிராத்தம் என்றைக்கு என்று கேட்டால் மாதம், பக்ஷம், திதி மூன்றையும் தூக்கத்திலும் சொல்வார்கள். வேதம் படித்த புரோகிதர் இதற்கு ரிஜிஸ்திரார்.

திதி ஆண்டுதோறும் திரும்ப வரும் என்பதால் அது மட்டும் போதாது. தமிழ் வருஷத்தின் பெயர் யாருக்காவது நினைவிருந்தால் விஷயம் முடிந்தது. "தாரண வருஷம் போனார்" என்றால் 1944-45, அறுபது ஆண்டுச் சுற்றில் அதற்கு முன்னது 1884, பின்னது 2004, குழப்பத்துக்கு இடமில்லை. வருஷம் தெரியாமல் கிழமையோ நட்சத்திரமோ தெரிந்தாலும் சாத்தியமான ஆண்டுகள் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கைப் போட திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளுக்கு இணையாக இன்றும் ஒன்றில்லை என்பேன். 1911-இலும் 1922-இலும் வந்த அவருடைய நூல்கள் கல்வெட்டு அறிஞர்களுக்காக எழுதப்பட்டவை. கல்வெட்டுகளின் காலத்தைக் கணிக்க உதவிய அட்டவணை மளிகைக்கடைத் தாத்தாவின் நாளையும் காட்டும். கத்தோலிக்கரான அவர் நம் சிராத்த நாள்களைக் கண்டுபிடிக்க வழிசெய்தார் என்பது பகவத் சங்கல்பம்தான்.

தேதி கிடைத்ததும் பத்திரிகைக்குப் போங்கள். காலமான நாளை அடுத்த பத்துப் பதினைந்து நாள் இதழ்களைப் பார்த்தால் போதும். சுபஸ்வீகாரம் வரைக்கும் அறிவிப்பு வரும். 'ஹிந்து' 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரங்களையும் அறிவிப்புகளையுமே தாங்கி வந்தது, செய்தி உள்ளேதான். பெயரின் எழுத்துக்கூட்டைப் பிடிவாதமாக நம்பாதீர்கள். ஐயர் என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதினார்கள். ஊர்ப்பெயர் முன்னெழுத்து பம்பாய்க்கு வந்ததும் சில சமயம் உதிர்ந்துபோயிற்று. முகவரியைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். தெலங் சாலையும் பண்டார்கர் சாலையும் பெயர்களைப்போல் மாறவில்லை.

எங்கே தேடுவது? 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' தவிர 1913-இல் தொடங்கிய 'பாம்பே கிரானிகிள்', நம் தமிழர் எஸ். சதானந்த் நிறுவிய 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' ஆகியவற்றையும் பாருங்கள். அரசிதழுக்கு எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். சென்னைக்குப் போகிறவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விட்டுவிடக் கூடாது. கோட்டையூர்க்காரரான, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த முத்தையா அவர்கள் புத்தகத்தோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ் முதலியவற்றையும் சேர்த்தார். கடைக்குப் பலகை எழுதியவருக்குத்தான் கடைக்காரரின் காகிதத்தின் அருமை தெரிந்திருக்கிறது!

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு நாளையாவது இதற்குக் கொடுங்கள். பித்ரு கடன் என்பது எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு தீர்ந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, நம் சபைகளின் பழைய மலர்களைப் பற்றி. அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்குமுன் பின்பக்கங்களைப் பாருங்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதிய கட்டுரைகள் போகட்டும். அங்கே "நல்வாழ்த்துக்களுடன்" என்று கால் பக்கம் வாங்கிய கடைகளின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. நாளைக்கு ஒரு கொள்ளுப்பேத்தி இந்த மலரையும் அதற்காகத்தான் புரட்டுவாள். ஆகவே விளம்பரம் கொடுக்கும் ஒவ்வொரு கடைக்கும் முழு முகவரி, தொடங்கிய ஆண்டு, தொடங்கியவர் பெயர், அவருடைய சொந்த ஊர் இந்த நான்கையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று குழுவினரிடம் கேட்டுக்கொண்டேன். கூடுதல் வரிகளுக்குக் கட்டணம் உண்டா என்று சிலர் விசாரித்தார்களாம். இல்லை என்று குழுவினர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள்.