சண்டை ரோபோவின் ஆயுத மின்னோடி
சண்டை ரோபோவின் ஆயுத மின்னோடி என்பது போட்டிக்களத்தில் மோதும் ரோபோவின் சுழலும் தகட்டையோ உருளையையோ இயக்கும் மோட்டார் ஆகும். 1994 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற ரோபோ வார்ஸ் இவ்வகைப் போட்டிகளுள் முன்னோடியானது.

ஆயுதத்தின் இயக்க ஆற்றல் சுழல்வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே வீட்டில் ரோபோ அமைப்போர் பலர், தூரிகையுள்ள மின்னோடியை நீக்கி, எடைக்கு மிகுந்த திறன் தரும் தூரிகையற்ற மின்னோடியைப் பொருத்துகின்றனர். அதற்கெனத் தனி வேகக் கட்டுப்படுத்தி தேவைப்படும். கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்க இயலாவிடின் கட்டுப்படுத்தி எரியலாம். லித்தியம் மின்கலம் தீப்பற்றலாம்.

வேகமாகச் சுழலும் ஆயுதம் அச்சின் திசைமாற்றத்தை எதிர்ப்பதால், ரோபோ திரும்பும்போது ஒருபக்கச் சக்கரம் மேலெழக்கூடும். சோதனை ஓட்டத்தை மூடிய கூண்டினுள் மட்டுமே நடத்துதல் வேண்டும். பிற வேளைகளில் ஆயுதம் அசையாதவாறு பூட்டப்பட வேண்டும்.