ஆழத்தை நம்பியவர்கள்

கடலுக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. ஒலிதான் போகும், விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில். 1945-இல் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு வந்த 'கெர்ட்ரூட்' என்ற நீரடித் தொலைபேசி இந்த ஒலியை நம்பியதுதான். சங்கேதம் கிடையாது. பேசுவது யார் என்பதற்குக் குரலே சாட்சி. அந்தச் சாட்சியும் தண்ணீரில் கலங்கும். 1963 ஏப்ரல் 10 அன்று 129 பேரோடு மூழ்கிய 'த்ரெஷர்' நீர்மூழ்கி கடைசியாகச் சொன்னது, மேலே நின்ற துணைக்கப்பலுக்குச் சிதைந்துதான் கேட்டது.

ஆழமே காவல் என்ற நம்பிக்கை அதன் பிறகும் போகவில்லை. கம்சாத்காவின் கடற்படைத் தளத்திலிருந்து வந்த சோவியத் கம்பிவடம் ஓகோட்ஸ்க் கடலடியில் கிடந்தது. நம் கடலுக்குள் யார் வரப்போகிறார்கள் என்று, பல செய்திகளைச் சங்கேதமில்லாமலே அனுப்பினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'ஹாலிபட்' நீர்மூழ்கி வந்தது. சுமார் 120 மீட்டர் ஆழத்தில், வடத்தை வெட்டாமல் துளைக்காமல், அதன்மேல் ஒரு கருவியைப் பொருத்திவிட்டு, அவ்வப்போது போய் நாடாக்களை எடுத்துவந்தார்கள். 1980-இல் ரொனால்ட் பெல்டன் என்ற முன்னாள் உளவு நிறுவன ஊழியர் விஷயத்தை விற்கும்வரை ரகசியம் காக்கப்பட்டது.

கடலடி மோடம்களோடு வேலை செய்பவன் நான். என்னை உறுத்துவது பழைய கதையல்ல, 2017. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் தமக்குள் பேச, இத்தாலியின் லா ஸ்பெசியா மையத்தில் உருவான 'ஜானஸ்' தரநிலையை நேட்டோ ஏற்ற ஆண்டு. அருமையான வேலை. ஆனால் அதன் அடிப்படைச் செய்தி 64 பிட்தான். அதில் 8 பிட் சரிபார்ப்பு எண். வழியில் நேர்ந்த சேதத்தை அது காட்டும், பொய்யைக் காட்டாது. பொய் சொல்பவனும் அந்த எண்ணைச் சரியாகவே கணக்கிடுவான்.

வழக்கமான டிஜிட்டல் கையொப்பம் 512 பிட். விநாடிக்கு 80 பிட் போகும் வழியில் செய்திக்கு 0.8 விநாடி, கையொப்பத்துக்கு 6.4. அத்தனை நேரமும் பேட்டரி கரையும். அதை மாற்றக் கப்பல் போகவேண்டும்.

வங்கக் கடலில் சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இறக்கிய சுனாமி மிதவைகளுக்கும் கடலடி அழுத்தமானி ஒலியால்தான் சேதி சொல்கிறது. இப்படியொரு இணைப்பில் நேற்றைய அமைதியான அளவைப் பதிந்துவைத்து ஒருவன் இன்று ஒலிபரப்பினால்? அதனால்தான் இருபக்கமும் பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவியால் ஆன 32 பிட் முத்திரையையும், பழைய செய்தியை இனம்காட்டும் வரிசை எண்ணையும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். முத்திரைக்கு 0.4 விநாடிதான் கூடும். ஊகித்துப் பார்ப்பவன் முயற்சிக்கு ஒரு விநாடி எடுத்தாலும், எல்லா எண்களையும் முயல 136 ஆண்டு ஆகும்.